மீன்கடையில் மட்டி கேட்ட அதிகாரி

போன வாரம் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. உயிர்களுக்குள் இருக்கும் மரபணு எழுத்துகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாமா, அப்படிப் பயன்படுத்தினால் அந்தச் செடியோ பிராணியோ இருந்த ஊருக்கு என்ன பங்கு என்று உலக நாடுகள் கூடிப் பேசிக்கொண்டிருக்கின்றனவாம். இன்னும் முடிவு வரவில்லையாம். வாசித்ததும் நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்த என் வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னட்டி, யாரு செத்தா?"

"யாரும் சாகல. எங்க மட்டி பேப்பர்ல வந்திருக்கு!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை வாசித்துவிட்டு, இதில் மட்டி என்ற சொல்லே இல்லையே என்றார். இல்லாவிட்டால் என்ன? எனக்குத் தெரியும் அது எங்கள் கதை என்று. பணி ஓய்வு பெற்ற அன்றே நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துப் பிள்ளைகள், "தங்கபாய் அக்கா, அந்த மட்டிக் கதைய எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். எனக்கு வாய் ஓடுகிற வேகத்தில் கை ஓடாது என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மட்டி என்பது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளையும் ஒரு வாழை. பழம் சிறிது, நுனி கூர், வாசனை தூக்கும். கைக்குழந்தைக்கு முதன்முதலாக மசித்து ஊட்டுகிற பழம் இதுதான். எங்கள் பக்கத்தில் யாரும் ‘மட்டி வாழைப்பழம்’ என்று நீட்டி முழக்குவதில்லை. கடையில் போய் "அரைக்கிலோ மட்டி" என்போம், அவ்வளவுதான். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு அதற்குள்தான் இருக்கிறது.

நான் அஞ்சுகிராமத்துக்காரி. நாகர்கோவிலில் தாவரவியல் படித்துவிட்டு, மாவட்டத்திலேயே ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருஷமும் மண் சோதனை. மண்ணைக் கரை, வடிகட்டு, நிறம் பார், எழுது. கனவிலும் மண்தான். 2004-இல் பல்லுயிர்ச் சட்டத்துக்கான விதிகள் வந்தன. அதே வருஷம் அந்த விதிப் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக் கையில் பிடித்தபடி எங்கள் புது மேலதிகாரி வந்து இறங்கினார். முனைவர் வேதவல்லி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசி ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவர் குரல் இன்னும் தாழ்ந்தால் நாங்கள் அவரவர் குறிப்பேட்டை எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவோம்.

மேடத்துக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. முதலாவது, எதைக் கொடுத்தாலும் "இத யார் கொடுத்தா?" என்று கேட்பது. விதையாக இருந்தாலும் சரி, தேநீருக்கு வந்த முறுக்காக இருந்தாலும் சரி. ஒருமுறை நான் தலையில் வைத்திருந்த பிச்சிப் பூவைப் பார்த்துக் கேட்டார். தோவாளைச் சந்தையில் வாங்கினேன் என்றால் விடமாட்டார். யாரிடம் என்று சொல்ல வேண்டும். பெயர் தெரியாத பொருளை வாங்கலாம், கொடுத்தவர் பெயர் தெரியாத பொருளை ஆய்வகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அவர் கட்சி.

இரண்டாவது, பென்சில். பைக்குள் எப்போதும் இரண்டு கெட்டிப் பென்சில்கள் இருக்கும். எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். இரண்டு பேர் சரிபார்த்த பிறகே அதன் மேல் மை. வயலில் இலை எடுக்கும்போது உறைக்குள் போடும் சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். "மை நனைஞ்சா ஓடிடும் தங்கபாய். பென்சில் ஓடாது" என்பார். அது உண்மை. பனியிலும் ஐஸ் பெட்டியிலும் ஊறிக் கிடந்த சீட்டுகளைப் பிறகு எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு எழுத்துக்கூடக் கலைந்திருக்காது. நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் பென்சில் மேடம் என்று கூப்பிடுவோம். அவருக்கும் அது தெரியும்.

மண் சோதனையிலிருந்து என்னைப் பிடுங்கித் தன் பக்கம் எடுத்துக்கொண்டவர் அவர்தான். நாலைந்து வருஷம் கழித்து, ஊர் ஊராகப் போய் அங்கே என்னென்ன செடி, கொடி, மீன், மாடு இருக்கின்றன, அவற்றை யார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று எழுதும் பல்லுயிர்ப் பதிவேட்டு வேலை தொடங்கியது. நான் குதித்துக்கொண்டு கிளம்பினேன். பேசிக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் என்றால் எனக்கு வலிக்குமா?

அப்படித்தான் புதுக்கடைக்கு மேற்கே ஒரு சரிவில் ஞானம்மாள் அக்காவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். கையில் வெட்டுக்கத்தி. சுற்றியிருந்த தோட்டங்களில் எல்லாம் இலைப்புள்ளி நோய் வந்து வாழையிலைகள் தீயில் வாட்டியதுபோல் தொங்கிக்கொண்டிருந்தன. அவருடைய சரிவில் மட்டும் சில மட்டி மூடுகள், அதாவது மரங்கள், பச்சை மாறாமல் நின்றன. ஓடிப் போய் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"மருந்தா? எனக்கே மருந்து வாங்க வழியில்ல. நீ எந்த ஊரு?"

"அஞ்சுகிராமம்."

"ஓ, பாண்டிக்காரியா! அதாக்கும் இப்பிடி இழுத்து இழுத்துப் பேசுக."

மாவட்டத்தின் கிழக்குக் கோடியிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் மேற்கே உள்ளவர்களுக்குப் பாண்டிக்காரர்கள். இழுத்துப் பேசுவது யார் என்று அந்தச் சரிவில் நின்ற வாழைகளுக்குத் தெரியும். நான் பதிவேட்டைத் திறந்தேன்.

அந்த மூடுகள் மட்டும் எப்படி நோயைத் தாங்குகின்றன என்று பார்க்க ஆய்வகத்துக்கு இலை வேண்டும். இலை எடுக்க ஒரு முறை உண்டு. வாங்கிக்கொண்டு ஓடிவர முடியாது. பஞ்சாயத்துக் கூடத்தில் ஊர்க்குழுவைக் கூட்டி, எதற்கு எடுக்கிறோம், என்ன செய்வோம், அதனால் பயன் வந்தால் ஊருக்கு என்ன என்று சத்தமாக வாசித்து, சம்மதம் வாங்க வேண்டும். மேடம் வாசித்தார். ‘பயன் பகிர்வு’ என்ற சொல் கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. மறுபடி வாசித்தார். ஒருவர் கொட்டாவி விட்டார். மூன்றாம் முறை வாசிப்பதற்குள் ஞானம்மாள் அக்கா எழுந்துவிட்டார்.

"சாரே, இதுக்கு எதுக்கு இத்தன பெரிய வார்த்த? சீப்பு குடுக்கதுன்னு பறஞ்சா போராதா?" மேடத்தையும் அவர் சாரே என்றுதான் கூப்பிடுவார். ‘பறய’ என்றால் அந்தப் பக்கத்தில் ‘சொல்ல’.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "அது என்னம்மா?"

"நான் உங்களுக்கு ஒரு கன்னு தாறேன். நீங்க நட்டு, கொலை வெட்டுன அன்னைக்கு முத சீப்பு என் வீட்டுக்கு வரணும். பழத்துக்கு ஆசப்பட்டா? எனக்கென்ன பழம் இல்லியா? கன்னு எங்கேந்து வந்துதுன்னு நீங்க மறக்காம இருக்கதுக்காக்கும். எனக்கு எங்க அண்ணன் தந்த கன்னு. நான் இப்பளும் அவனுக்கு சீப்பு கொண்டு குடுத்துட்டுதான் கொலைய சந்தைக்கு அனுப்புவேன்."

கூடத்தில் எல்லாத் தலையும் ஆடியது. கொட்டாவி விட்டவரும் ஆட்டினார். மேடம் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை. "கன்று ஒண்ணும் வாங்காம, உங்க வாழைக்குள்ள இருக்கிற எழுத்த மட்டும் ஒருத்தர் எடுத்துக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். விளக்குவது என் வேலை. ஒவ்வொரு உயிருக்குள்ளும் நாலே நாலு எழுத்தால் ஆன ஒரு நீளமான வரி இருக்கிறது, அந்த வரிசைதான் மட்டியை மட்டியாகவும் மாமரத்தை மாமரமாகவும் ஆக்குகிறது, அதை வாசித்துக் கணினியில் போட்டுவிட்டால் உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் எடுக்கலாம், அப்புறம் கன்று தேடி யாரும் இந்தச் சரிவுக்கு வர வேண்டியதில்லை என்று சொன்னேன்.

அக்கா வெட்டுக்கத்தியை மறு கைக்கு மாற்றினார். "எழுத்து எடுத்தாலும் அது என் வாழைக்க எழுத்துதானே?"

"ஆமா."

"அப்ப அதுக்கும் சீப்பு உண்டு."

சட்டத்தில் இலை, விதை, கன்றுக்கெல்லாம் இடம் இருந்தது. எழுத்துக்கு என்ன வழி என்று அதில் தெளிவாக இல்லை. உலகத்தின் பெரிய மூளைகள் இன்றைக்கும் உட்கார்ந்து பேசும் விஷயத்தைக் கையில் வெட்டுக்கத்தியோடு நின்ற ஒருத்தி அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். மேடம் சம்மதப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதினார்: ‘எழுத்துக்கும் சீப்பு.’

பிறகு பதிவேடு. ஊரில் வைக்கும் பிரதி தமிழில், சென்னையிலுள்ள பல்லுயிர் அலுவலகத்துக்குப் போகும் படிவம் ஆங்கில எழுத்தில். உள்ளூர்ப் பெயர் என்ற கட்டத்தில் நான் பெரிய எழுத்தில் ‘மட்டி’ என்று மட்டும் எழுதினேன். வாழை என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. மட்டி என்றால் மட்டிதானே! அடுத்த கட்டம் அறிவியல் பெயர். அதை மேடம் வழக்கப்படி பென்சிலில் எழுதி வைத்தார். மை போடுவதற்குள் கடைசித் தேதி வந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம்.

ஆய்வக வேலையைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. விரியாத குருத்திலையை அதிகாலையில் அறுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கல்வத்தில் போட்டு, புகையோடு கொட்டும் திரவ நைட்ரஜனை ஊற்றினால் இலை கண்ணாடிபோல் நொறுங்கும். மாவாக அரைத்து, கரைசலில் கரைத்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, குளிர்ந்த ஆல்கஹாலை மெல்ல ஊற்றி, குழாயைத் தலைகீழாக்கி நிமிர்த்த வேண்டும். வெள்ளையாக ஒரு நூல் மிதந்து வரும். அதுதான் உயிரின் எழுத்து. முதல் முறை அது மிதந்து வந்தபோது நான் அலறிய அலறலில் பக்கத்து அறையில் மண் சோதனைக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேடம் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யார் கொடுத்தா?" என்று கேட்டார். "புதுக்கடை ஞானம்மாள் அக்கா" என்றேன். "நல்லது" என்றார்.

எழுத்தை வாசிக்க வெளியூருக்கு அனுப்பினோம். அது குறுந்தகட்டில் வந்தது. கட்டுரை வெளியிட வேண்டுமானால் உலகப் பொதுக் களஞ்சியத்தில் அந்த எழுத்தைப் போட்டாக வேண்டும். மேடம் மூன்று நாள் யோசித்தார். போட்டால் யாரும் எடுப்பார்கள். போடாவிட்டால் செய்த வேலை வெளியே தெரியாது. கடைசியில் மூலம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரையும் பதிவேட்டு எண்ணையும் எழுதச் சொல்லிவிட்டு, "இனிமே யார் எடுத்தாலும் இந்த எண்ணைப் பிடிச்சு ஞானம்மாள் வீட்டுக்கு வந்துடலாம்" என்றார். பொத்தானை அழுத்தியது நான். 2010-இல் ஜப்பானில் நாடுகள் கூடி, பயனைப் பகிர்வது பற்றி ஒப்பந்தம் செய்துகொண்ட சமயம் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிலையம் முழுவதற்கும் மட்டி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஊரில் ஒன்று நடந்தது. பச்சை மாறாத வாழை என்று கேள்விப்பட்டுப் பலரும் அக்காவிடம் கன்று கேட்டு வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். நட்டவற்றில் சில நின்றன, பல புள்ளி விழுந்து கருகின. அந்தச் சரிவில் பல மூடுகள் நெருக்கமாகக் கலந்து நின்றதால் எந்தக் கன்று எந்த மூட்டில் முளைத்தது என்று தெரியாது, பார்வைக்கு எல்லாக் கன்றும் ஒன்றுபோலத்தான். எது தாங்கும், எது சாகும் என்று கன்றிலேயே கண்டுபிடிக்க யாராலும் முடியாது, அக்காவாலும் முடியாது. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? நல்ல கன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு கெட்ட கன்றை ஊருக்குத் தள்ளிவிட்டாள் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து ஸ்டீபன் அதைச் சந்தையில் வைத்தே சொன்னார். தப்பிப் பிழைத்த வாழைகள் குலை தள்ளியபோதும் அக்கா வீட்டுக்கு ஒரு சீப்பு வரவில்லை.

நான் போனபோது அக்கா வேலை செய்துகொண்டே பேசினார். "முப்பது வருசமா சீப்பு வராத மாசம் கெடயாது மக்கா. இப்ப பாரு, வாசல் எப்பிடி கெடக்குன்னு. பழம் இல்லேன்னு நான் சாகமாட்டேன். கள்ளின்னு பேரு வாங்கிட்டுச் சாகணுமா?" சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த ஸ்டீபனை இழுத்துவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. கேட்டு என்ன பயன்? நிரூபிக்க என் கையிலும் ஒன்றும் இல்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, கடல் கடந்து ஒரு கடிதம் வந்தது. பெயர் வேண்டாம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று. களஞ்சியத்திலிருந்து எங்கள் மட்டியின் எழுத்தை எடுத்து, வேறு வாழைகளோடு ஒப்பிட்டு, ஒரு சோதனையை உண்டாக்கியிருந்தார்கள். கன்றின் இலையில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் அது புள்ளி நோயைத் தாங்குமா தாங்காதா என்று அன்றைக்கே சொல்லிவிடும். வாசித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞானம்மாள் அக்கா கள்ளி இல்லை என்று ஊருக்குக் காட்டும் வழி அந்தக் கடிதத்துக்குள் இருந்தது! எழுத்துக்குப் பங்கு தரச் சட்டம் தங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் மூலம் தெளிவாக இருந்தால் அந்த ஊரோடு பேசத் தயார் என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்த மகிழ்ச்சி பத்து நாள் நீடித்தது. பதினோராம் நாள், மூலத்தை உறுதிசெய்ய நாங்கள் எழுதிக் கேட்டிருந்த சென்னை அலுவலகத்திலிருந்து வேறொரு கடிதம் வந்தது. மேற்படி பதிவேட்டு எண்ணில் உள்ள உயிர் ‘மட்டி’, அதாவது ஓடுடைய நீர்வாழ் உயிர். அதன் இலை எவ்வாறு சேகரிக்கப்பட்டது என்று விளக்கவும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் மூலம் தெரியாதது என்று பதிவு செய்து கோப்பு முடிக்கப்படும்.

நான் முதலில் சிரித்துவிட்டேன். கிளிஞ்சலுக்கு இலை! சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. கடற்கரை மாவட்டம், பெயர் மட்டி, வேறு விவரம் இல்லை. சென்னையில் மட்டி என்றால் ஓட்டுக்குள் இருப்பதுதான். தட்டச்சு செய்தவர் நம்பிக்கையோடு அதைக் கடலில் போட்டுவிட்டார். மேடம் அலமாரியிலிருந்து நாங்கள் அனுப்பிய ஜெராக்ஸின் பிரதியை எடுத்தார். அறிவியல் பெயர்க் கட்டம் வெள்ளையாக இருந்தது. மூலப் படிவத்தில் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. கெட்டிப் பென்சில், மெல்லிய கோடு. மழையிலும் அழியாத அந்த எழுத்து ஜெராக்ஸில் வரவே இல்லை.

"என் பென்சில், தங்கபாய்" என்றார் மேடம். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"இல்ல மேடம். வாழைன்னு ஒரு வார்த்த எழுதாத மட்டி நான்தான்."

திருத்தி அனுப்பினால் போதாதா என்று நினைப்பீர்கள். போதாது. வெளியிலிருந்து ஆள் வந்து கேட்ட பிறகு பதிவேட்டைத் திருத்தினால், வேண்டியதை வேண்டியபோது எழுதிக்கொண்டார்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஊரில் இருந்த தமிழ்ப் பிரதியைத் தேடி எடுத்தோம். அதிலும் ‘மட்டி. சரிவில் நிற்பது. பிள்ளைகளுக்கு முதல் உணவு’ என்று நான் எழுதியிருந்தேன். அங்கேயும் வாழை என்ற சொல் இல்லை. என்னை நானே தலையில் குட்டிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து ஒரு அதிகாரி நேரில் விசாரிக்க வந்தார். நடுத்தர வயது, அமைதியான மனிதர், கையில் கோப்பு. பஞ்சாயத்துக் கூடம் நிறைந்திருந்தது. ஞானம்மாள் அக்கா ஒரு முழுக் குலையைத் தோளில் சுமந்து வந்து மேசை மேல் இறக்கினார். இதன் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். "மட்டி!" என்று கூரை அதிர்ந்தது.

அவர் சிரித்தார். ஆனால் அசையவில்லை. "நீங்க எல்லாரும் இந்த ஊர்க்காரங்க. உங்களுக்கு இதுல பங்கு இருக்கு. நீங்க சொல்றத மட்டும் வச்சு நான் எப்படி எழுதறது?"

நியாயமான கேள்வி. அக்காவின் முகம் சுருங்கியது. அப்போது மேடம் எழுந்து, "அப்போ பங்கு இல்லாதவங்ககிட்ட கேளுங்க சார். சந்தைக்குப் போங்க. நீங்க நினைக்கிற மட்டி எங்க கிடைக்கும்? மீன்கடையிலதானே? அங்கயே போய்க் கேளுங்க" என்றார். எனக்கு ஒரு பயம். மீன் விற்கும் ஒருத்தி வெளியூர்ப் பேச்சைக் கேட்டுப் பழகி, ‘இருக்கு’ என்று கிளிஞ்சலை அள்ளிக் காட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது.

வழி காட்ட நான் மட்டும் போகலாம், வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலையை நான் செய்ததில்லை. புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி முதலாவதாக இருந்தவரின் முன்னால் குனிந்தார். நான் நாலடி தள்ளிச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, மட்டி இருக்கா?"

அந்தம்மா தலையைத் தூக்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சாரே, மீன்கடையில வந்து மட்டி கேக்கியளா? கண்ணு தெரியலியா? அந்தா பழக்கடை!"

"இல்லம்மா. கடல்ல, ஓட்டுக்குள்ள இருக்குமே..."

"அது கக்கால்லா! கக்கான்னு கேக்கணும். மட்டின்னா மட்டிதான், கொலையில தொங்கும். ஏட்டி மேரி, இந்த சாரு கடலுக்குள்ள மட்டி தேடுகாரு கேட்டியா!"

வரிசை முழுவதும் சிரித்தது. அதிகாரி விடாமல் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டார், ஒரு ஆட்டோ ஓட்டுநரிடம் கேட்டார். நாலு விரலும் பழக்கடையைத்தான் காட்டின. நான் தலைப்பை வாயிலிருந்து எடுத்து விட்ட கூவலில் ஒரு காகக் கூட்டம் பறந்தது. அந்தம்மாவின் சட்டியிலிருந்த சாளை மீனை முழுவதுமாக வாங்கினேன். அவருக்கு ஏன் என்று இன்றுவரை தெரியாது.

அதிகாரி பழக்கடையில் ஒரு சீப்பு மட்டி வாங்கி, நின்ற இடத்திலேயே இரண்டு பழம் தின்றார். கூடத்துக்குத் திரும்பி வந்து, "உங்க மட்டிய இன்னைக்கே கரையேத்திடறேன்மா" என்று அக்காவிடம் சொன்னார். கைதட்டல் அடங்க நேரம் ஆனது. பதிவேட்டில் திருத்தம் எழுத மேடம் பேனாவை என்னிடம் நீட்டினார். ‘மட்டி’ என்பதற்குப் பக்கத்தில் ‘வாழை’ என்று எழுதினேன். அவசரத்தில் எழுத்து கோணியது. அதிகாரியும் பஞ்சாயத்துத் தலைவரும் மேடமும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்கு மேலும் கடிதங்கள் போவதும் வருவதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஊருக்கு என்ன பங்கு வேண்டும் என்று கேட்டபோது கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாலை வேண்டும் என்றார் ஒருவர், கூடத்துக்கு மின்விசிறி என்றார் இன்னொருவர். ஞானம்மாள் அக்கா எழுந்து, "எனக்கு அந்த சோதன வேணும். என் சரிவுல எது நிக்கும், எது சாவும்னு இந்த ஊரு முன்னால பறயணும்" என்றார். சாலை கேட்டவரே முதலில் கையைத் தூக்கினார். பயனின் தன்மை என்ற கட்டத்தில் மேடம் எழுதினார்: ‘முதல் சீப்பு: ஊரின் கன்றுகளுக்கு நோய் தாங்கும் சோதனை.’ அத்தனை வருஷத்தில் பென்சிலைத் தொடாமல் நேராக மையில் அவர் எழுதியது அந்த ஒரு வரிதான்.

சோதனைக்கான பொருள்கள் வந்து சேர்ந்தன. அக்காவின் சரிவிலும் வீட்டுக் கொல்லையிலும் நின்ற ஒவ்வொரு மூட்டிலும் குருத்து எடுத்தேன். ஸ்டீபனின் தோட்டத்தில் நின்றவற்றிலும் எடுத்தேன். முடிவு தெரிந்த அன்று பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன். தாங்கும் மூடுகளும் தாங்காத மூடுகளும் அந்தச் சரிவில் மாறி மாறி நின்றன. அக்கா தன் வீட்டுக் கொல்லையில் தனக்காக நட்டுக்கொண்ட கன்றுகளிலேயே பாதிக்கு மேல் தாங்காதவை. இதைக் கூடத்தில் ஊர் முன்னால் வாசித்தேன். தனக்கென்று நல்லதை ஒதுக்கியவள் தன் கொல்லையில் கெட்டதையா நடுவாள்? கேள்வியை நான் கேட்கவில்லை. அதற்குள் ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

தாங்கும் மூடுகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசினோம். அதிலிருந்து மட்டும் கன்று பிரித்து ஊர் முழுக்க நட்டார்கள். முதல் குலை வெட்டிய வாரம் நான் அங்கே போயிருந்தேன். அக்காவின் வாசலில் சீப்புகள் அடுக்கியிருந்தன. ஸ்டீபன் கொண்டுவந்த சீப்பு தனியாக, எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. "அவன் ஒண்ணும் பறயல. வச்சுட்டு நின்னான். நான் சாயா போட்டுக் குடுத்தேன்" என்றார் அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததை மறைக்கவும் இல்லை.

நான் கிளம்பும்போது அக்கா இருப்பதிலேயே நல்ல சீப்பாக ஒன்றை வாழையிலையில் பொதிந்து என் கையில் வைத்தார். இது எனக்கா என்று கேட்டேன்.

"உனக்கில்ல. அந்த வெளிநாட்டுக்காரனுக்கு. சோதன அவன் தந்ததுதானே? அவனுக்க முத சீப்பு அவனுக்குப் போவாண்டாமா?"

பழத்தை அப்படிக் கடல் கடந்து அனுப்ப முடியாது, அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. நிலையத்தில் இரண்டு நாள் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் பழுத்து அறையெல்லாம் மணத்தது. மேடம் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்: உங்களுக்கு ஒரு சீப்பு வந்திருக்கிறது, அனுப்ப வழியில்லை, உங்கள் சார்பில் இங்கே பெற்றுக்கொண்டோம். மேடம் ஒரு பழம் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை நான் தின்றேன்.

அடுத்த முறை அக்கா முதல் கேள்வியாகவே கேட்டார்.

"தின்னானா?"

"தின்னான் அக்கா."

"என்ன பறஞ்சான்?"

"இன்னொரு சீப்பு கேக்கான்."

அக்கா சிரித்த சிரிப்பில் வெட்டுக்கத்தி கையிலிருந்து நழுவியது. மறுவாரமே இன்னொரு சீப்பு வந்தது. அதையும் தின்றது நான்தான். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பதை மாற்றிச் சொன்னது என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான். முகம் தெரியாத அந்த வெளிநாட்டுக்காரர் என்றைக்காவது புதுக்கடைப் பக்கம் வந்தால், நான் அவருக்கு இரண்டு சீப்பு மட்டி தர வேண்டும். மட்டி வாழை. இதை மையில்தான் எழுதியிருக்கிறேன்.